மினிட்ஸ் புத்தகமும் நான்காவது குழாயும்

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குச் சில கிலோமீட்டர் இப்பால் இருக்கும் எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் நான் இரண்டாண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். அந்தக் குழுவின் மினிட்ஸ் புத்தகத்தில் என் கையெழுத்து ஒன்பது இடங்களில் இருக்கிறது. அவற்றுள், எழுதியிருப்பதை முழுவதும் படித்துவிட்டு நான் இட்ட கையெழுத்துகள் இரண்டே. பால் சொசைட்டியில் கணக்கெழுதிப் பிழைக்கும் ஒருவன் இதைச் சொல்லிக்கொள்வது வெட்கக்கேடுதான். சொசைட்டியில் அரை லிட்டர் பாலுக்குக் கணக்கு இடித்தால் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து தேடுகிற நான், பள்ளிக்கு வந்த இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு, காட்டிய இடத்தில் ஒப்பமிட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

அந்த இருபத்தைந்தாயிரம் எங்கிருந்து வருகிறது என்பதைக்கூட நான் வெகுநாள் சரியாக அறிந்திருக்கவில்லை. ‘கவர்ன்மெண்டு காசு’ என்ற அளவில்தான் எங்கள் எல்லோருக்கும் தெரியும். 2018-19ஆம் கல்வியாண்டில், அதுவரை தனித்தனியாக நடந்துவந்த சர்வ சிக்ஷா அபியான், உயர்நிலைப் பள்ளிகளுக்கான திட்டம், ஆசிரியர் பயிற்சித் திட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றாக்கி, சமக்ர சிக்ஷா என்ற பெயரில் ஒன்றிய அரசு நடத்தத் தொடங்கியது. கேரளம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் இதன் செலவில் 60 விழுக்காடு ஒன்றிய அரசின் பங்கு, 40 விழுக்காடு மாநிலத்தின் பங்கு. பள்ளியின் அன்றாடச் செலவுகளுக்கென்று இதிலிருந்து தரப்படும் தொகைக்குக் கூட்டு மானியம் என்று பெயர். பிள்ளைகளின் எண்ணிக்கை 30 வரை இருந்தால் 10,000 ரூபாய், அதற்கு மேல் 100 வரை இருந்தால் 25,000, நூறைத் தாண்டி 250 வரை இருந்தால் 50,000 என்று படிப்படியாக ஏறி, ஆயிரத்தைத் தாண்டிய பள்ளிக்கு ஒரு லட்சம் வரை கிடைக்கும் என்பது கணக்கு. எங்கள் பள்ளியில் சென்ற ஆண்டு தமிழ்ப் பிரிவும் மலையாளப் பிரிவும் சேர்த்து 97 பிள்ளைகள். இன்னும் நான்கு பேர் சேர்ந்திருந்தால் மானியம் இரட்டிப்பாகியிருக்கும். கோபாலபுரம் பக்கத்து ஆங்கிலப் பள்ளிக்கு வேன் ஏறிப்போகிற பிள்ளைகளில் நான்கு பேர் என்பது எங்கள் தெருவில் மட்டும் இரண்டு வீட்டுக் கணக்கு.

இருபத்தைந்தாயிரத்தைத் தொண்ணூற்றேழால் வகுத்துப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 258 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. இதற்குள் மின்கட்டணம், சாக்பீஸ், பதிவேடுகள், உடைந்த ஜன்னல், அடைத்துக்கொண்ட குழாய் எல்லாம் அடங்க வேண்டும். அதிலும் குறைந்தது பத்தில் ஒரு பங்கைச் சுத்தம், சுகாதாரத்துக்கே செலவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. இவ்வளவு சிறிய தொகையில் என்ன பெரிய கேள்வி கேட்டுவிட முடியும் என்று தோன்றுவது இயல்புதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சிறிய தொகையில்தான் ஒவ்வொரு குழாயும் கணக்கில் தனித்துத் தெரிகிறது.

பெற்றோருக்கு இதில் என்ன உரிமை என்பது சட்டத்தில் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருக்கிறது. 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, நிர்வாகக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிவுற்ற பிரிவினரின் பிள்ளைகளுடைய பெற்றோருக்கு அவர்களின் அளவுக்கேற்ற இடம் தரப்பட வேண்டும் என்று சொல்கிறது. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பதும், அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு எங்கிருந்தோ வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்பதைக் கவனிப்பதும் இந்தக் குழுவின் வேலை. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இக்குழு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவே. எங்களுடையது அரசுப் பள்ளி, ஆகையால் முழு அதிகாரமும் உண்டு. காகிதத்தில் பார்த்தால், வேர்க்கடலைக் காட்டில் களை எடுத்துவிட்டு வரும் ஒரு தாய், தலைமையாசிரியரிடம் பில்லைக் கேட்டு வாங்கிப் பார்க்கச் சட்டமே வழிவிட்டிருக்கிறது.

நடப்பது வேறு. எங்கள் குழுக் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நடக்கும். அந்த நேரத்தில் பாதித் தாய்மார் தொழிலுறப்பு வேலையில் இருப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் நூறு நாள் வேலை என்று சொல்வதை இங்கே நாங்கள் அப்படிச் சொல்கிறோம். மீதிப்பேர் ஒருநாள் கூலியில் கால்வாசியை விட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, நான்காம் வகுப்புப் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்காருவார்கள். தலைமையாசிரியர் மலையாளத்தில் சர்க்குலரை வாசிப்பார். வாசிப்பு முடிந்ததும் நடுவில் ஒருவர் ‘பாஸ்’ என்பார். பிறகு தேநீரும் பருப்பு வடையும் வரும். வடைத் தட்டுக்குப் பின்னாலேயே மினிட்ஸ் புத்தகமும் வரும்.

அந்தத் தலைமையாசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாலக்காடு பக்கத்திலிருந்து நாள்தோறும் இரண்டு பேருந்து மாறி வருகிறவர். எங்களோடு பேசும்போது தமிழிலேயே பேச முயல்கிறவர். பணம் வந்து சேர்வதற்கு முன்பே பல செலவுகளைக் கைக்காசு போட்டுச் செய்து, பிறகு மாதக்கணக்கில் காத்திருக்கிறவர். ஜூனில் பள்ளி திறந்ததும் தேவைப்படுகிற சாக்பீசுக்கும் பதிவேட்டுக்குமான மானியம் எங்களுக்குச் சென்ற ஆண்டு வந்து சேர்ந்தபோது பிப்ரவரி ஆகிவிட்டது. மார்ச் 31க்குள் செலவழித்துக் கணக்குக் காட்டியாக வேண்டும். கணினியில் பி.எஃப்.எம்.எஸ். என்னும் அரசுப் பணக் கணக்குத் தளத்தின் வழியாக ஒவ்வொரு பில்லையும் பதிவேற்ற வேண்டும், அதற்கான இணையமும் மின்சாரமும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். இந்த அவசரத்தில், படிப்படியாக விளக்கிச் சொல்லி, பன்னிரண்டு பெற்றோரின் கருத்தைக் கேட்டுத் திட்டம் தீட்டு என்று அவரிடம் எதிர்பார்ப்பதும் அவ்வளவு எளிதல்ல.

ஆனாலும் மொழி விஷயத்தில் எங்கள் பக்கத்துத் தவறுதான் பெரிது என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் கேட்டால் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றை நாங்கள் கேட்கவே இல்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிந்தபோது சித்தூர் தாலுக்காவின் இந்தக் கிழக்கு ஓரமும் கேரளத்தோடு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பில் 350ஏ என்ற உறுப்பு சேர்க்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அதனால்தான் எங்கள் பிள்ளைகள் இன்றும் தமிழில் படிக்கிறார்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டம், பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தோடு சேர்த்துப் படித்தால், தமிழர்களும் கன்னடர்களும் அரசுச் செயலகத்தோடும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களோடும் தங்கள் மொழியிலேயே எழுத்துப் போக்குவரத்து நடத்தலாம், பதிலும் அந்த மொழியிலேயே தரப்பட வேண்டும் என்று சொல்கிறது. பிள்ளை தமிழில் கணக்குப் போடுகிறது. அந்தப் பிள்ளையின் பள்ளிக் கணக்கை அம்மா மலையாளத்தில் கேட்டுத் தலையாட்டுகிறாள். சட்டம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. வழக்கம் கட்டாயப்படுத்துகிறது.

தாய்மாருக்கு வாய் இல்லை என்று யாராவது நினைத்தால் அது தவறு. இதே பெண்கள் ஞாயிறு பிற்பகலில் குடும்பஸ்ரீ என்னும் பெண்கள் சுயஉதவி அமைப்பின் அயல்கூட்டத்தில் உட்காரும்போது பார்க்க வேண்டும். 1998இல் தொடங்கிய அந்த அமைப்பில் எங்கள் வார்டில் மட்டும் பல குழுக்கள் இருக்கின்றன. யார் எத்தனை தவணை பாக்கி, எந்த வாரம் யார் சிட்டைப் புத்தகம் கொண்டுவரவில்லை என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். என் மனைவி அதில் செயலாளர். ஐம்பது ரூபாய் வட்டி கூடுதலாக எழுதப்பட்டதற்காக ஒரு மாலைப் பொழுது முழுவதும் நடந்த விவாதத்தை நான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பள்ளிச் சமையலறையிலும் அப்படித்தான். ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் பி.எம். போஷண் என்னும் மதிய உணவுத் திட்டத்தில், உணவைப் பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்பு பெரியவர்கள் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. முறை வரும் நாளில் எங்கள் தாய்மார் சாம்பாரை ஒரு கரண்டி கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, உப்புக் கூடிப்போனதை அங்கேயே, சமையல்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார்கள். கூட்டம் நடக்கும் வகுப்பறையில் மட்டும் அவர்கள் வாய் அடைத்துக்கொள்வதற்குக் காரணம், அங்கே பேசப்படும் காசு தங்களுடையது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை, அங்கே வாசிக்கப்படுவதும் அவர்கள் மொழியில் இல்லை.

இதை நான் எழுத நேர்ந்ததற்கு என் அக்கா மகள் ஒரு காரணம். அவள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறாள். அவளுடைய மகன் படிக்கும் அரசுப் பள்ளி, ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கு அந்நாட்டு ஒன்றிய அரசு தரும் ‘டைட்டில் ஒன்’ நிதியைப் பெறும் பள்ளி. சென்ற ஆகஸ்டில் தொலைபேசியில் பேசும்போது, பள்ளியிலிருந்து ஒரு உடன்படிக்கைக் காகிதம் வந்திருக்கிறது, பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளையும் மூவருமே கையெழுத்துப் போட வேண்டுமாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் மறுபக்கம் ஸ்பானிய மொழியிலும் அச்சிடப்பட்டிருந்ததாம். அந்தக் காகிதம் என்னை விடவில்லை. பால் வண்டி வராத மத்தியான வேளைகளில் அதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அங்கே கல்வி மாநிலங்களின் பொறுப்பு. ஏழைக் குழந்தைகள் நிறைந்த பள்ளிகளுக்கு ஒன்றிய அரசு பெருந்தொகையாகப் பணம் தரத் தொடங்கியது 1965இல்தான். அந்த ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், டெக்சாசில் தான் சிறுவயதில் படித்த ஓரறைப் பள்ளிக்கூடத்தின் முன்னால், தன் முதல் ஆசிரியை பக்கத்தில் அமர்ந்திருக்க, ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பணம் வந்த நான்கே ஆண்டுகளில், 1969இல், அது ஏழைப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேராமல் வேறு செலவுகளுக்குத் திரும்பிவிட்டதை எடுத்துக்காட்டி ஒரு அறிக்கை வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அதற்குப் பிறகு, 1974இல், பெற்றோர் ஆலோசனைக் குழுக்கள் கட்டாயமாக்கப்பட்டன. 1981இல் ஆட்சி மாறியபோது அந்தக் கட்டாயம் தளர்த்தப்பட்டது. 1994இல் உடன்படிக்கை என்ற புதிய வடிவத்தில் பெற்றோர் மறுபடி உள்ளே வந்தார்கள். பெற்றோருக்கு இடம் கொடுப்பதும் எடுப்பதுமாகவே அந்த வரலாறு ஓடியிருக்கிறது என்று படித்தபோது, எங்கள் பஞ்சாயத்துப் போர்வெல்லின் வரலாறு எனக்கு நினைவுக்கு வந்தது. அது வேறு கதை.

இப்போது நடைமுறையில் இருக்கும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஐந்து லட்சம் டாலருக்கு மேல் டைட்டில் ஒன் நிதி பெறும் ஒவ்வொரு கல்வி மாவட்டமும் அதில் ஒரு விழுக்காட்டையாவது பெற்றோர் ஈடுபாட்டுக்கென்றே ஒதுக்க வேண்டும். அந்த ஒரு விழுக்காட்டுத் தொகையில் நூற்றுக்கு 90 பங்காவது பள்ளிகளுக்கே போய்ச் சேர வேண்டும். அதை எப்படிச் செலவிடுவது என்பதில் பெற்றோரைக் கலந்துகொள்ள வேண்டும். கூட்டங்களைக் காலையிலோ மாலையிலோ பெற்றோருக்குத் தோதான வேளைகளில் வைக்க வேண்டும். அவர்கள் வந்துபோகும் வண்டிச் செலவுக்கும், கூட்டத்தின்போது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும்கூட அந்த நிதியைப் பயன்படுத்தலாம். தகவல் எதுவும், கூடியவரையில், பெற்றோருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டத்தில் உட்கார்ந்து பழகிய எனக்கு, கைக்குழந்தையைப் பற்றிய அந்த ஒரு வரியைப் படித்தபோது உள்ளபடியே பொறாமையாக இருந்தது.

அக்கா மகளிடம் அந்த உடன்படிக்கையில் என்னதான் எழுதியிருந்தது என்று மறுவாரம் கேட்டேன். ‘படிக்கலை மாமா, பையில இருந்து எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்’ என்றாள். அவளுக்குத் தெரிந்த மொழியில், அழகாக அச்சிடப்பட்டு, வீட்டுக்கே வந்த காகிதம். மாமனும் மருமகளும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று என் மனைவி சொன்னாள். மொழி மட்டும் சரியாகிவிட்டால் போதும் என்ற என் எண்ணத்தில் அன்று ஓர் ஓட்டை விழுந்தது. வீட்டுக்கு வரும் காகிதத்தைவிட, நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவர் வாய்விட்டு வாசிப்பது வேறு வகையில் வேலை செய்யும் என்று தோன்றியது. அயல்கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படுவது அப்படித்தான்.

இதற்கிடையில் மேலிடத்துச் சண்டை ஒன்றும் எங்கள் தலைமேல் ஓடியது. தேர்ந்தெடுத்த பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக்குவதற்கென்று 2022இல் அறிவிக்கப்பட்ட பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசுத் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத மாநிலங்களுக்குச் சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. தமிழ்நாட்டுக்கு 2024-25ஆம் ஆண்டுக்கு மட்டும் 2,152 கோடி ரூபாய் நின்றுபோய், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கேரளமும் அதே வரிசையில் நின்று, 2025 அக்டோபரில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, உடனே ஆளும் கூட்டணிக்குள் எழுந்த எதிர்ப்பால் அதை நிறுத்தி வைப்பதாகச் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு என்றாலும், அதற்குள் நான் இங்கே போகவில்லை. எங்கள் பள்ளிக்கு வாரத்தில் சில நாள் வந்து, காது சரியாகக் கேட்காத ஒரு சிறுமிக்கு உதட்டசைவைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியைக்குச் சம்பளம் இந்த நிதியிலிருந்துதான் வருகிறது. அவருக்கு மாதச் சம்பளம் மாதத்தில் வரவில்லை என்பதை நாங்கள் அந்தச் சிறுமியின் பாட்டி சொல்லித்தான் அறிந்தோம். அத்தனை கோடிகளைப் பற்றிய விவாதத்தில் இந்தியாவின் எந்தப் பள்ளி நிர்வாகக் குழுவையும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. நாங்களும் எங்கள் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு வரி பேசவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான் செய்தது சிறிய காரியம். தலைமையாசிரியரைத் தனியே பார்த்து, மினிட்ஸை மலையாளத்திலேயே எழுதுங்கள், கையெழுத்து வாங்கும் முன்பு அதை நான் தமிழில் வாசித்துச் சொல்கிறேன், பில்களையும் வாசிக்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அவர் முகம் முதலில் சற்றுச் சுருங்கியது. சந்தேகப்படுகிறேனோ என்று நினைத்திருக்கலாம். பிறகு ஒப்புக்கொண்டார். கூட்டத்தைச் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு மாற்றுவதற்கு மட்டும் மூன்று கூட்டம் பிடித்தது, ஏனென்றால் ஆசிரியர்களுக்கு அது விடுமுறை நாள். கடைசியில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை, மற்றவை வெள்ளி என்று முடிவானது.

முதல் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பதினொரு பெற்றோர் வந்தார்கள், அவர்களில் எட்டுப்பேர் பெண்கள். நான் பில்லை வாசித்தேன். மின்கட்டணம் இவ்வளவு, பெயிண்ட் இவ்வளவு, பினாயில் இவ்வளவு, பித்தளைக் குழாய் நான்கு, பொருத்துக்கூலி இவ்வளவு. வாசித்து முடித்ததும், பின்பெஞ்சில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு தாய், எழுந்திருக்காமலே கேட்டார்.

‘ஏனுங்க டீச்சர், பில்லுல குழாய் நாலுன்னு படிச்சாரு. வெளியில தொட்டிகிட்ட மூணுதானுங்களே இருக்குது?’

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கேட்டவரே, கேட்டது தப்போ என்பதுபோல் குழந்தையின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் எழுந்து, வாங்க, காட்டுகிறேன் என்று கூப்பிட்டார். எல்லோருமாகச் சமையலறைக்குப் போனோம். நான்காவது குழாய் அங்கே பாத்திரம் கழுவும் இடத்தில் இருந்தது, பளபளவென்று. பழைய குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததால் அதை அங்கே மாற்றியதாக அவர் சொன்னார். சமையல்காரரும் ஆமாம் என்றார். திரும்பி வந்து மீதியை வாசித்தேன், எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கேள்வி கேட்ட தாய் மட்டும் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்து, தெரியாத எழுத்தாக இருந்தாலும் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘இதுல குழாய்னு எங்கைங்க எழுதியிருக்குது?’ என்று என்னிடம் கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். அடுத்த கூட்டத்துக்குத் தொட்டி மோட்டாருக்கு விலைப்புள்ளி வாங்கும்போது, கொழிஞ்சாம்பாறையில் தன் தம்பி வேலை செய்யும் கடையிலும் ஒன்று கேட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.